நாசிலும் ஒரு மடக்குத் தண்ணீரும்

எங்கள் வீட்டு டிபன் பாக்ஸில் சோறு போனதைவிட இன்ஜின் சாமான் போனதுதான் அதிகம். அன்றைக்கும் அப்படித்தான். கோவளத்தில் பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் இறங்கி மாறி, செங்கல்பட்டு போய்ச் சேரும் வரைக்கும் மடியில் டிபன் பாக்ஸ், அதற்குள் துணியில் சுற்றிய நாசில். பக்கத்து சீட்டுக்காரி டீசல் நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மூடிக்கொள்ளட்டும். அவள் புருஷன் என்ன, கடலுக்கா போகப்போகிறான்?

நாசில் என்றால் டீசலை இன்ஜினுக்குள் தூவுகிற குழாய். எங்கள் ஃபைபர் படகின் நாசில் கொஞ்ச நாளாகவே தூவுவதை விட்டுவிட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. காலையில் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி என் கொழுந்தன் தீனாவுக்குத் தோள்பட்டை வீங்கிவிட்டது. கிளம்பினாலும் ஒரே வெள்ளைப் புகை. என் வீட்டுக்காரர் தணிகைவேல் மட்டும் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு எல்லாமே அடுத்த வாரம்தான்.

அதற்குள் மைக் கட்டிய ஆட்டோ குப்பத்துக்குள் வந்துவிட்டது. வங்கக் கடலில் புயல் சின்னமாம், நாளைக்குச் சாயங்காலத்திலிருந்து யாரும் கடலுக்குப் போகக் கூடாதாம். எங்கள் வலை அப்போது கடலில் கிடந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் விட்டு வைத்த வலை, இருந்த வலை மொத்தமும் அதுதான். காலையில் ஒரே நடை போய் எடுத்து வந்துவிட வேண்டும், இல்லையென்றால் புயல் எடுத்துக்கொண்டு போய்விடும். ஒழுகுகிற நாசிலோடு அவ்வளவு தூரம் போனால் நடுக்கடலில் நின்றுவிடும். அதனால்தான் யாரையும் கேட்காமல் நாசிலைக் கழற்றச் சொல்லி நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செங்கல்பட்டில் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜெபக்குமார் பம்ப்பு, நாசில் வேலை பார்க்கிறார். நாசிலை ஒரு மிஷினில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார். டீசல் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"இன்னாக்கா இது, கொழாயாட்டம் ஒழுவுது? இதோடயா கடலுக்குப் போய்கினு இருந்தாங்க?" என்றார்.

"என்னைக் கேட்டா? நீயே வந்து எங்க ஊட்டு ஆம்பளைங்களைக் கேளு" என்றேன்.

நுனியை மாற்றி மறுபடி அழுத்தினார். இப்போது சர்ரென்று பனி மாதிரி தூவியது. எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு அவர் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். கால் மெட்டி அளவுக்கு ஒரு செம்பு வாசர்.

"இத மறந்துடாதக்கா. நாசிலுக்கு அடியில இந்தப் புது வாசருதான் போடணும். பழச போட்டா கரையில நல்லாத்தான் ஓடும். சூடு ஏற ஏற பக்கத்துல காஸ் அடிச்சிகினு புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வரும். அப்புறம் நாசில் சிக்கிக்கும். நடுக்கடல்ல நின்னுச்சுன்னா நீ எத்தினி தபா சுத்துனாலும் ஸ்டார்ட் ஆவாது."

அதை டிபன் பாக்ஸில் நாசிலோடு வைத்து, வீட்டுக்கு வந்ததும் டிபன் பாக்ஸோடு தீனாவின் கையில் கொடுத்து, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவன் நாசிலை மாட்டுகிறபோது மழைத் தூறல் வேறு. வீட்டுக்காரர் "சீக்கிரம்டா, சீக்கிரம்டா" என்று கத்திக்கொண்டே இருந்தார். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"வாசரு போட்டியாடா?" என்று கேட்டேன்.

"போட்டேன் அண்ணி" என்றான்.

போட்டிருந்தான்தான். எந்த வாசர் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் மாமியார் ஆதியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் மாமனார் வெற்றிலைப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் படகு ஏறிவிட்டார். அத்தை அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி, போகிற படகைப் பார்த்து அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. குப்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில்தான் திரும்பவில்லை என்று அத்தை நினைத்தாள். அதன் பிறகு அவர் வரவே இல்லை, படகும் வரவில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகள் கடலில் இறங்குகிற நேரத்தில் அத்தை வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை நிறைத்துக்கொண்டு நிற்பாள். படகு அலையைத் தாண்டிச் சின்னதாகிற வரை விழுங்கவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். தன் வாய் தன்னை மீறிவிடுமோ என்று அவ்வளவு பயம். கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மறுநாள் விடிகிற நேரம். ஆண்கள் இரண்டு பேரும் கரைக்குப் போய்விட்டார்கள், அத்தையும் டம்ளரோடு பின்னால் போய்விட்டாள். நான் நாசில் நாற்றம் போக டிபன் பாக்ஸைத் தேய்க்கலாம் என்று துணியை உதறினேன். பொட்டலம் கீழே விழுந்தது. பிரித்தால் உள்ளே வாசர், புத்தம் புதுசாக.

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். போன் மணி அடிப்பதும் பின்னாலிருந்து கூப்பிடுவதுதான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாசரை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருந்தார்கள். மூக்கு கடலைப் பார்த்திருந்தது. வீட்டுக்காரர் பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தீனா முன்னால் துடுப்போடு. தடதட சத்தத்துக்கு நடுவில் எனக்கு அது கேட்டது. புஸ், புஸ், புஸ். சூடேறுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் பாதிக்குப் பாதிதான், வீட்டில் இருக்கும்போது. கரையில் நிற்கும்போது மீதிப் பாதியும் வந்துவிடுகிறது. கூப்பிட்டால் போய்விடுவார், கூப்பிடாவிட்டாலும் போய்விடுவார். அத்தையின் கையைப் பிடித்தேன். கன்னம் உப்பத் தண்ணீரோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தே, வாசரு மாத்திப் போட்டுட்டான் அத்தே. புதுசு என் கையில கீது. போற வழியில இன்ஜின் நின்னுடும். நின்னா திரும்ப எடுக்காது."

அத்தை என் கையிலிருந்த வாசரைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். படகு முதல் அலையில் ஏறி இறங்கியது. முன்னால் போய் நின்றால் பின்னால் கூப்பிட்டதாகாதே என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் எனக்கு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவு வந்ததும் அதற்கு மேல் கால் போகவில்லை. படகு என்னை விட்டுத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது எனக்குப் பின்னால் தண்ணீரைத் துப்புகிற சத்தம் கேட்டது.

"டேய் தணிகா!"

அப்படியொரு குரல் அந்த உடம்பில் இருந்தது எனக்குத் தெரியாது. என் கண் வீட்டுக்காரர் முதுகின் மேலேயே இருந்தது. அந்தத் தோள் இரண்டும் தூக்கிவாரிப் போட்டதை நான் பார்த்தேன். ஒரு நொடி அப்படியே இருந்தார். பிறகு படகு வளைந்தது. அது திரும்பியதைப் பார்த்த பிறகுதான் அலை என்னைப் புரட்டிப் போட்டது.

படகு கரைக்கு வந்து சேர்ந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மணலில் கொஞ்சம் உட்கார்ந்து, அத்தையின் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். தடை வந்தால் அப்படிச் செய்துவிட்டுப் போவது வழக்கம். தீனா நாசிலைக் கழற்றிப் பழைய வாசரை எடுத்தான். ஒரு பக்கம் கரியேறித் தேய்ந்திருந்தது. இந்தத் தடவை புது வாசரை நான்தான் குழியில் போட்டேன்.

"போவாதய்யா, வலை போனா போவட்டும்" என்றேன்.

"போனா அப்புறம் இன்னா துன்றது?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுபடி கிளம்பினார்கள். புஸ் சத்தம் நின்றிருந்தது. இன்ஜின் சுத்தமாக ஓடியது. ஆனால் எனக்குப் பயம் விடவில்லை, அது வேறு இடத்துக்கு மாறிக்கொண்டது. இன்ஜின் சரி, கூப்பிட்டது கூப்பிட்டதுதானே?

அத்தை வலைக் கூடத்துத் தூணோரம் உட்கார்ந்து மறுபடி வாயில் தண்ணீரை நிறைத்துக்கொண்டாள். படகு கண்ணை விட்டு மறைந்த பிறகும் துப்பவில்லை. நான் நாஸ்தா கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை.

பகல் ஏற ஏற வாடைக் காற்று வலுத்தது. மழை சாய்ந்து அடித்தது. ஒவ்வொரு படகாக வந்து ஏறியது. ஒவ்வொன்றும் தூரத்தில் தெரியும்போது எங்களுடையது என்று எழுந்து நிற்பேன், சத்தத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுவேன். கடைசியாக வந்தது அடுத்த தெரு ஜான்சன்.

"அண்ணாத்த வலை பாறையில மாட்டிகினு கீதுக்கா. இன்ஜினை நிறுத்திட்டு ரெண்டு பேரும் இழுத்துகினு இருந்தாங்க. வந்துடுங்கன்னு கத்துனேன். கையைக் காட்னாரு" என்றான்.

இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். வலை இழுக்கும்போது நிறுத்தித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் விசிறியில் சுற்றிக்கொள்ளும். ஆனால் நிறுத்தியது திரும்பக் கிளம்புமா? ஜெபக்குமார் வேலை சுத்தமா? பழைய வாசரோடு அலை வரைக்கும் போனதில் நாசில் ஏதாவது கெட்டிருக்குமா? போன் இன்னும் அணைத்தே கிடந்தது. நான் வாய்விட்டே அழுதேன். அத்தை அழக்கூட இல்லை. தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு எப்படி அழுவாள்? கண் மட்டும் கடலிலேயே இருந்தது. இரண்டாவது ஆளையும் நானே அனுப்பிவிட்டேன் என்று அந்தக் கண் சொன்னது. நான் அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். அவளைக் கூப்பிட வைத்தது என் பேச்சுதானே.

மேடேற்றி வைத்த படகுகள் வரைக்கும் அலை வந்துவிட்டது. குப்பத்தார் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ காவல் நிலையத்துக்குச் சொல்லலாமா என்று மெதுவாகக் கேட்டார்கள். அந்த மெதுவான குரல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகப் பயம் தந்தது.

அப்போது அத்தை சட்டென்று எழுந்தாள். எனக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. மழைக்குள்ளிருந்து தடதடவென்று சீரான சத்தம் வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு படகின் மூக்கு தெரிந்தது, முன்னால் குவிந்து கிடந்த வலை தெரிந்தது, பின்னால் முழுக்க நனைந்த என் வீட்டுக்காரர். நான் எப்படி ஓடினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்து தலை துவட்டிச் சாப்பிட உட்கார்ந்தபோது ஓட்டின் மேல் காற்று ஊளையிட்டது. பாதி வலை பாறையிலேயே போய்விட்டது. ஆள் வந்ததே போதும் என்று நான் சோறு போட்டேன். "ஒரே சுத்துல எடுத்துச்சி அண்ணி" என்று தீனா திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அத்தை சுவரோரம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தணிகா" என்றாள். காலைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. "நான் கூப்ட்டேனே. உனுக்குக் கேட்டுச்சா?"

வீட்டுக்காரர் பிசைந்த சோற்றை வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தவில்லை. வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுத்தான் சொன்னார்.

"நீ கூப்ட்டியா? எனுக்கு ஒண்ணும் கேக்கலியே. இன்ஜின் பக்கத்துல உக்காந்தா இடி உழுந்தாகூட கேக்காது. பானு தண்ணியில உழுந்தத தீனாதான் பாத்தான். அதான் திருப்புனேன். இன்னாடா?"

தீனா முழித்தான். பிறகு "ஆமாம்மா" என்றான்.

நான் விழுந்தது படகு திரும்பிய பிறகு. அந்தத் தோள் தூக்கிவாரிப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தவள். வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுகிற மனுஷன், இதை மட்டும் எப்போது யோசித்து வைத்தாரோ.

அத்தை கையிலிருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்கப்பன் இன்ஜினு இதைவிட சத்தம்" என்றாள் மெதுவாக. "அப்போ, அன்னிக்கி அவருக்கும் கேட்டிருக்காது. இல்ல?"

வீட்டுக்காரர் இன்னொரு கவளம் பிசைந்தார்.

"எப்டிம்மா கேக்கும்?" என்றார் வீட்டுக்காரர்.

"கேட்டிருக்காது அத்தே" என்றேன் நானும்.

அத்தை டம்ளரைத் தூக்கினாள். வாயில் நிறைத்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கடகடவென்று குடித்து முடித்துக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயையும் கண்ணையும் ஒன்றாகத் துடைத்துக்கொண்டாள். பிறகு தீனாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா கஸ்மாலம், ஒரு வாசரு பாத்துப் போட வக்கில்ல, உனக்கெல்லாம் எதுக்குடா ரெண்டு கண்ணு?" என்று ஆரம்பித்தாள். புயல் கரையைக் கடக்கிற வரைக்கும் அவள் வாய் மூடவில்லை.