முதல் விருப்பம் திருநெல்வேலி

யசோதரன் பத்திரம் எழுதினால் அதில் ஒரு புள்ளிகூடப் பிசகாது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக இருக்கும் ஒன்பது கடைகளில் அவனுடையது மூன்றாவது. சர்வே நம்பர், நான்கு எல்லை, தாய்ப்பத்திர விவரம் என்று பத்தொன்பது வருஷமாக அவன் எழுதிக் கொடுத்ததில் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. இருந்தும் திருவண்ணாமலையில் அவனை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை. போன வருஷம் கறுப்புக் கோட்டு மாட்டியவர்கள், கிரயத்துக்கும் செட்டில்மெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவனிடமே வந்து கேட்டுக்கொண்டு போகிறவர்கள், அவர்கள் எல்லாம் சார். அவர்களுக்கு விழும் வணக்கத்தைப் பார்த்தால் அவனுக்கு வயிறு எரியும்.

நாற்பத்திரண்டு வயதில் அவன் சட்டம் படிக்க முடிவெடுத்தது இந்த எரிச்சலில்தான். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் மூன்று வருஷப் படிப்பு, வயது தடையில்லை. தபால் வழியில் படித்த பி.ஏ. வரலாறு அவனிடம் இருந்தது. ஆனால் இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் தலை நரைத்த ஒருத்தன் தனியாகப் போய் உட்கார்வதை நினைத்தால் கூச்சமாக இருந்தது. அதனால் மனைவி தர்மவதிக்கும் சேர்த்து ஒரு விண்ணப்பம் போட்டுவிடலாம் என்று பார்த்தான். இரண்டு பேருமாக ரயிலேறி, பக்கத்திலிருக்கும் விழுப்புரம் சட்டக் கல்லூரிக்குப் போய் வந்தால் பேச்சுத்துணையாக இருக்கும்.

தர்மவதி வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறவள். பி.எஸ்சி. கணிதம், அந்தக் காலத்தில் கல்லூரியில் முதலிடம். அந்தச் சான்றிதழ் கல்யாணம் ஆனதிலிருந்து பீரோவின் அடித்தட்டில் புடவைகளுக்குக் கீழே கிடந்தது. "எனக்கெதுக்குங்க இந்த வயசுல?" என்று சிரித்தாள். "சும்மா துணைக்குத்தான்" என்றான் யசோதரன். அவள் அடை மாவுக்கு ஊறப்போட்டு முடிப்பதற்குள் அவள் விண்ணப்பத்தை முடித்துவிட்டான். இரண்டிலும் தன் செல்போன் நம்பரையே கொடுத்தான். தன்னுடையதற்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். யாரும் கேட்காமலே, பத்தொன்பது வருஷ அனுபவம் என்று தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி, அதையும் படம் பிடித்து ஏற்றினான். அனுபவத்துக்கு மதிப்பு இல்லாமலா போய்விடும் என்பது அவன் எண்ணம்.

மதிப்பு இல்லாமல்தான் போயிற்று. தரவரிசை பட்டத்தில் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் வைத்து வந்தது. தர்மவதிக்கு நூற்று எண்பத்தெட்டு. யசோதரனுக்கு ஏழாயிரத்துச் சொச்சம். கலந்தாய்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. பெயர்கள் மாறிவிட்டனவோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். மூன்று தரம் பார்த்தான். மாறவில்லை.

எறும்பு ஊர்ந்தால்கூட ஒதுங்கி நடக்கிற ஜைன நைனார் குடும்பத்துப் பிள்ளை அவன். ஆனாலும் அன்று அவன் மனதில் ஊர்ந்ததை அவனால் ஒதுக்க முடியவில்லை. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்கக் கொஞ்சநாள் ஆயிற்று. முதலில் களைப்பு என்றான், பிறகு வெயில் என்றான். பக்கத்துக் கடையில் முத்திரைத்தாள் விற்கும் கண்ணாயிரம், "நைனாரே, இனிமே நீங்க எழுதுற பத்திரத்துக்கு வீட்டம்மாதான் கையெழுத்து போடுவாங்க" என்று சிரித்தபோது, களைப்பும் இல்லை வெயிலும் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

வீட்டுக்குப் போனால் அது இன்னும் ஜாஸ்தியானது. டியூஷன் பிள்ளைகளின் தாய்மார்கள் வாசலிலேயே நின்று தர்மவதியை லாயரம்மா என்றார்கள். வந்தவாசியிலிருந்து அவள் அண்ணன் போன் செய்து அரைமணி நேரம் பேசினான், மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் யமுனா, அம்மாவுக்குக் கோட்டு எந்தக் கடையில் தைக்கலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கோட்டை யசோதரன் பல தடவை கனவில் போட்டுப் பார்த்தவன். கனவில் அது அவன் அளவுக்குத்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். தர்மவதி அவனுடைய பழைய சொத்துரிமை மாற்றுச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, தானம் எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவர் அதை எதற்குள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். எப்போது வேண்டுமானாலும் ஒத்துக்கொள்ளலாம் என்றான், பத்தொன்பது வருஷத்துத் தோரணையோடு. அவள் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, கொடுக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினாள். கேலியாகக் காட்டவில்லை, சந்தேகம் தீர்ந்த சந்தோஷத்தில்தான் காட்டினாள். யசோதரன் பாதியிலேயே எழுந்து கை கழுவினான். தான் பிழைப்பு நடத்துகிற விஷயத்தில், அடுப்படியிலிருந்து வந்த ஒருத்தி ஒரே வாசிப்பில் தன்னைத் தாண்டிப் போகிறாள் என்பதை அவனால் பொறுக்கவே முடியவில்லை.

போகவேண்டாம் என்று நேராகச் சொல்லவும் முடியவில்லை. துணைக்கு என்று இழுத்துவிட்டவனே அவன்தான். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வேறு. அதனால் சாப்பாட்டைக் காரணமாக்கிப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு, அவள் விழுப்புரத்திலிருந்து வந்து எப்போது சமைப்பாள் என்று கேட்டான். காலையிலேயே செய்து வைத்துவிடுகிறேன், யமுனா சூடுபண்ணிக்கொள்வாள் என்றாள் தர்மவதி. அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். வரும் ரயிலின் நேரம்கூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று விருப்ப வரிசை கொடுக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. முதலில் எதைக் கேட்கிறோமோ அதில் இடமிருந்தால் அதையே தருவார்கள், இல்லாவிட்டால் அடுத்தது. "எல்லாம் ஒரே படிப்புதானே, நீங்களே பாத்துப் போட்டுடுங்க" என்று தர்மவதி சொல்லிவிட்டாள். அவன் ஒருத்தன் எழுதினால் தப்பே வராது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை.

கடையில் ஆளில்லாத ஒரு மத்தியான நேரத்தில் அவன் மடிக்கணினியைத் திறந்தான். விழுப்புரம் என்ற பெயரின்மேல் கொஞ்சநேரம் பார்வை நின்றது. அதை முதலில் போட்டால் அவள் போய்விடுவாள். தினமும் காலையில் பை மாட்டிக்கொண்டு போவாள், சாயங்காலம் வந்து அவனுக்குத் தெரியாததைப் பற்றிப் பேசுவாள். அதையே கடைசியில் போட்டால்? நூற்று எண்பத்தெட்டாவது ஆளுக்கு முதலில் கேட்ட இடமே கிடைத்துவிடும். கேட்டது வெகு தூரமாக இருந்தால், குடும்பத்தை விட்டு எப்படிப் போவது என்று அவளே வேண்டாம் என்றுவிடுவாள். அவன் தடுத்ததாக இருக்காது, தூரம் தடுத்ததாக இருக்கும். சாட்சிக் கையெழுத்தே தேவைப்படாத காரியம்.

திருநெல்வேலி, தேனி, மதுரை, திருச்சி, சேலம், வேலூர், விழுப்புரம் என்று வரிசையாக நிரப்பினான். உறுதி செய்யும் எண் அவன் போனுக்கே வந்தது. அதையும் போட்டுப் பூட்டினான். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு குளிர்ந்தது. வீட்டுக்குப் போகும்போது தர்மவதிக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போனான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கண்ணாடி பார்த்தபோது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தியதே தவிர, அவன் எதையும் மாற்றவில்லை.

ஒதுக்கீடு வந்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மத்தியானத்திலிருந்தே சாலையை அடைத்திருந்தார்கள், பத்திரம் பதிய யாரும் வரவில்லை. யசோதரன் சீக்கிரமாகவே வேங்கிக்கால் வீட்டுக்கு வந்துவிட்டான். யமுனாதான் கணினியைத் திறந்து பார்த்தாள்.

"திருநெல்வேலிம்மா" என்றாள்.

யசோதரன் இதற்காக ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தான். அந்த முகத்தோடு, அடடா அவ்வளவு தூரமா என்றான். சரி விடு, நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றும் சொல்லி முடித்தான்.

யமுனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லப்பா. இதுதான் நாம கேட்ட முதல் எடம்னு போட்டிருக்கு."

தர்மவதி கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ஏழு பெயர்களையும் மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள். கணக்கு டீச்சருக்கு ஒரு வரிசை எந்த விதியில் அமைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வெகுநேரம் தேவையில்லை. அவன் அவசரத்தில் தாறுமாறாகப் போட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பான். தப்பில்லாமல் எழுதியே பழகிய கை, தூரம் அதிகமானதில் தொடங்கிக் குறைந்ததுவரை ஒன்றுகூடப் பிசகாமல் அடுக்கியிருந்தது.

யசோதரன் அவசரமாகக் கணினிப் பக்கம் வந்தான். பக்கத்துக் கல்லூரிக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்குமே, அதை அழுத்தலாமே என்றான். முதலில் கேட்ட இடமே கிடைத்தவர்களுக்கு அந்த வழி கிடையாது, ஏற்றுக்கொள்ள வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும் என்று யமுனா படித்துச் சொன்னாள். தர்மவதி அவளைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரச் சொன்னாள். பால் வீட்டில் இருந்தது. யமுனா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவள் சத்தம் போடுவாள் என்று யசோதரன் காத்திருந்தான். சத்தம் போட்டிருந்தால் அவனும் பதிலுக்குச் சத்தம் போட்டு எப்படியோ சமாளித்திருப்பான்.

"விழுப்புரம் ஏங்க கடைசியில இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

திருநெல்வேலிக் கல்லூரி நல்ல கல்லூரி என்று சொன்னார்கள் என்றான். யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவன் தயார் செய்த முகம் கழன்று விழுந்தது.

"பொறாமையா இருந்துச்சு" என்றான். "நான் ஆசைப்பட்டது உனக்குக் கெடச்சிடுச்சே. என்னால தாங்க முடியல தர்மா. நீ போகாம இருந்தா போதும்னு ஆயிடுச்சு."

தர்மவதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அது எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சீங்க? பட்டியல் வந்த அன்னிக்கே உங்க மூஞ்சியில பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு தினமும் காத்துக்கிட்டு இருந்தேன். 'எனக்கு மனசு ஆறலடி, இந்த வருஷம் வேணாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, சத்தியமா அந்தப் புத்தகத்த மூடி வெச்சிட்டு இருந்திருப்பேன். எனக்கு லாயர் ஆகணும்னு ஆசையே இல்லீங்க அப்போ."

அப்போ என்ற சொல்லை அவள் அழுத்திச் சொல்லவில்லை. யசோதரன் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

"இப்போ?" என்றான்.

"இப்போ போறேன்."

அவள் ஏற்றுக்கொள்கிறேன் என்ற கட்டத்தை அழுத்தினாள். மேசைமேல் இருந்த அவன் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. கைகளை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, நம்பரை நீங்களே படியுங்கள் என்றாள். ஒரு எண்ணை மாற்றிப் படித்தால் போதும், நேரம் தாண்டினால் போதும் என்று மனது கடைசியாக ஒருதரம் சொல்லிப் பார்த்தது. யசோதரன் ஆறு எண்களையும் சரியாகப் படித்தான்.

பத்து நாளில் அவள் புறப்பட்டாள். விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. விழுப்புரம் வரை போய் ரயிலேற்றிவிட்டு வந்தவன், மறுநாள் கடையைத் திறந்தபோது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அவன் கடைமுன் வந்து நின்றார்கள். நேற்றுவரை வாய்யா போய்யா என்றவர்கள்கூட மரியாதையாகப் பேசினார்கள். கண்ணாயிரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க வீட்டம்மா போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனாங்க சார். பக்கத்துல எடம் கெடைக்கும்னு தெரிஞ்சும், நல்ல காலேஜா இருக்கணும்னு நீங்கதான் திருநெல்வேலிய மொதல்ல போட்டீங்களாமே. பொண்டாட்டி படிக்கணும்னு தனியா கஷ்டப்பட எவனுக்கு மனசு வரும்?"

யசோதரன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அந்தத் திருநெல்வேலியை முதலில் போட்ட நல்ல மனுஷனை அவர்கள் இன்னும் கொஞ்சநேரம் புகழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த யசோதரனுக்கு அந்த மனுஷன்மேல் பொறாமையாக இருந்தது.