மொட்டை அறுக்கும்வரை

காட்டுக்கொடியின் தடித்த பட்டையைப் பிளந்துகொண்டு பிதுங்கிய அந்த மொட்டு முதலில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது, கனகேஸ்வரி அதை உள்ளங்கையால் மூடிப் பார்த்தாள், இப்போது இரண்டு கையாலும் அணைத்தாலும் அடங்காது, முட்டைக்கோசு போலப் பழுப்புச் செதில்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு கனத்துக் கிடக்கிறது, விழுந்த மரத்துக்குப் பின்னால் வனக் காவலன் நடேசனோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இதுக்கு எலை கெடையாது, தண்டு கெடையாது, வேரும் கெடையாது, கொடிக்குள்ளயே நூலு நூலா ஓடி அதோட சாத்தக் குடிச்சிக்கிட்டுக் கெடக்கும், எப்படி உள்ள போச்சின்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது என்று அவள் கணவர் குணாளன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார், மலேசியாவின் கிரிக் காட்டில் வன இலாகா காவலர் அவர், ரஃப்ளீசியா என்று வாய் நிறையச் சொல்வார், ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி கனகா, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஒண்ணா பூக்கணும், அழுகுன எறச்சி மாதிரி நாறும், அந்த நாத்தத்துக்கு ஈ வந்து இதுலேருந்து அதுக்குப் போவணும், அப்பத்தான் காய் புடிக்கும், நான் இன்னும் காயப் பாத்ததில்ல, ஒரு தடவ பாத்துட்டாப் போதும்லா, தின்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று அவள் சிரிக்கிறாள், அவரும் சிரிக்கிறார், பெரிய மழை பெய்த ஒரு நாள் காட்டுக்குள் போனவர் திரும்பவில்லை.

தேடிப் போனவர்கள் பாறைச் சரிவுக்குக் கீழே கண்டெடுத்தார்கள், இடுப்பெலும்பு முறிந்திருந்தது, அன்றைக்கே யாராவது தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு எல்லாரையும்விட உரக்க அழுதவன் ஜெகதீசன், குணாளனின் சித்தப்பா மகன், நான் ஈப்போவுல மாட்டிக்கிட்டேனே அண்ணி, நான் இங்க இருந்திருந்தா அண்ணன விட்டிருப்பேனா என்று தரையில் புரண்டான், அவள்தான் அவனைத் தூக்கி உட்காரவைத்துத் தேத்தண்ணி கலந்து கொடுத்தாள், அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் இன்றைக்கும் அவள் கை எரிகிறது.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து, பிரசவமான பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பத்திய மருந்து வாங்க மார்க்கெட்டுக்குப் போனாள், பச்சிலைக் கடையில் கூடை நிறைய அறுத்துக் காயவைத்த ரஃப்ளீசியா மொட்டுகள், வயிறு சுருங்கக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள், அதில் ஒன்றின் அடியைச் சுற்றி நீலநிற நைலான் கயிறு, குணாளன் தான் கண்டுபிடிக்கும் மொட்டுகளுக்கு அடையாளம் கட்டுகிற கயிறு, அந்த முடிச்சும் அவருடையது, இது யாரு கொண்டாந்தது என்று சாதாரணமாகக் கேட்டாள், ஒங்க ஜெகா தம்பிதாம்மா, அந்தப் பெரிய மழ அன்னிக்கு நனைஞ்சிக்கிட்டே வந்து போட்டுட்டுப் போனாரு என்றாள் கடைக்காரி, மார்க்கெட் இரைச்சல் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போயிற்று, போலீசோடு திரும்பி வந்தபோது கூடையும் இல்லை, கயிறும் இல்லை, நான் அப்படிச் சொல்லவேயில்ல என்று கடைக்காரி சாதித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் என்று ஒன்று இல்லை, கண்ணை மூடினால் ஒரு கொடி, அதன் பட்டை மெல்ல வெடிக்கிறது, உள்ளேயிருந்து அவருடைய நெற்றி தெரிகிறது, பிறகு கண், வாய் வெளியே வருவதற்குள் விழித்துக்கொள்வாள், குணாளனோடு வேலை பார்த்த நடேசனிடம் போய் நின்றாள், கொலன்னு நிரூபிக்க முடியாதுக்கா, ஆனா இந்தப் பூவ அறுத்தா ஜெயிலு, கையும் களவுமா புடிச்சாத்தான் உண்டு, பாத்துக்கிட்டு நின்னான்னா ஒண்ணும் பண்ண முடியாது, அறுக்கணும் என்றான், அப்படியென்றால் அறுக்க ஒன்று வேண்டும், அவளே காட்டில் தேடினாள், பல மொட்டுகள் சின்னதிலேயே கறுத்து அழுகின, சிலவற்றை எலி கடித்துப் போட்டது, ஓடைக்கு இந்தப் பக்கம் இது ஒன்று மட்டும் தங்கியது, பன்றி மிதிக்காமல் முள் வெட்டி வேலி போட்டாள், வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று அடித்துவந்த கட்டைகளைத் தள்ளிவிட்டாள், பிள்ளை பெறாதவள் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள் என்று நடேசன் நினைத்தான், சந்தைக்கு ஆடு வளர்ப்பவள்போல்தான் அவள் அதை வளர்த்தாள், வளர்ந்து செதில் கறுத்து விரியப்போகிற பதத்துக்கு வந்ததும் கோயிலில் ஜெகதீசனின் மனைவியிடம், பெரிய மொட்டு ஒண்ணு நிக்கிது, ஓடைகிட்ட, இவரு இருந்தா எவ்ளோ சந்தோசப்படுவாரு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேற்று ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்பாராமல் இன்னொன்று பூத்துவிட்டது, சிவப்பாக, மேலெல்லாம் வெள்ளைத் திட்டோடு, காற்று திரும்பும்போதெல்லாம் செத்த மாட்டின் நாற்றம் இங்கே வருகிறது, நடேசன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், அக்கா, அது ஆண் பூ, இது நாளைக்கு விரிஞ்சிரும், பெண்ணா இருந்துச்சின்னா காய் புடிக்கும்கா, அண்ணன் ஆயுசு பூரா காத்திருந்தாரே, விட்டுருவோம், அவன வேற மொட்டுல புடிப்போம், அவன் குரல் கெஞ்சுகிறது, கனகேஸ்வரி அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தாள், ஒரு கணம், ஒரே ஒரு கணம், சோற்றைப் பிசைகிற விரல்கள் தெரிந்தன, வேணாம் நடேசா, அவன் வரட்டும் என்றாள்.

வெயில் ஏறியபோது வந்தான், தோளில் சாக்கு, கையில் பாராங் கத்தி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் போட்ட முள்வேலியைக் காலால் விலக்கினான், மொட்டைத் தட்டிப் பார்த்தான், நடேசன் எழப்போனான், அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள், இன்னும் இல்லை, கத்தி இறங்கியது, ஈரமான ஒரு சத்தம், மொட்டு கொடியைவிட்டு விழுந்து பாதியாகப் பிளந்தது, இப்ப என்றாள்.

நடேசன் பாய்ந்து பிடித்து விலங்கு மாட்டியபோது ஜெகதீசன் திமிறவில்லை, அவள் எழுந்து வருவதைப் பார்த்துத்தான் அவன் முகம் வெளுத்தது, ஒரு மொட்டுக்கா அண்ணி, சொந்தத் தம்பிய, ஒரு மொட்டுக்கா என்றான், அவள் பக்கத்தில் போய் நின்று, பல நாளாக யோசித்து வைத்திருந்த சாபங்களில் ஒன்றையும் எடுக்காமல், சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள், அவரு கீழேருந்து கூப்பிட்டாரே ஜெகா, ஒனக்குக் கேட்டுச்சா, மழச் சத்தத்துல சரியா கேக்கல அண்ணி என்றான், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது, நடேசன் விலங்கைப் பிடித்திருந்த கையை ஒரு சுண்டு சுண்டினான், நீ ஈப்போவுலல்ல இருந்த என்றான், இத இனி போலீசுலயும் சொல்லு, நானே சாட்சி.

பிளந்து கிடந்த மொட்டை நடேசன் குனிந்து புரட்டினான், அதன் நடுத்தட்டுக்கு அடியில் மகரந்தக் குமிழ் ஒன்றுகூட இல்லை, பெண்ணுக்கா என்றான், அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, ம் என்றாள், ஓடைக்கு அப்பாலிருந்து வந்த ஈக்கள் அதற்குள் அறுபட்ட இடத்தில் மொய்க்கத் தொடங்கியிருந்தன, அவள் அவற்றை விரட்டவில்லை, நடேசன் ஜெகதீசனைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினான், அண்ணி, அண்ணி, புள்ளைங்க இருக்கு அண்ணி என்று அவன் திரும்பித் திரும்பிக் கூப்பிட்டான், மரங்களுக்குள் மறைந்த பின்னும் கூப்பிட்டான், காடு அன்றைக்கு அமைதியாக இருந்தது, ஒவ்வொரு கூப்பிடலும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது, கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள், பதில் கொடுக்கவில்லை.