கோபம் என்ற பொத்தான்

கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னலே கிடையாது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்பெனிக்கு வந்த ஃபோன் பேச்சுகளைக் கேட்டு, பேசியவர் கோபமாகப் பேசினாரா, வருத்தமாகவா, சாதாரணமாகவா என்று பொத்தானை அழுத்துவதுதான் அவள் வேலை. விடியும் முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே. நடுவில் கதவு திறக்காது. ஆடுமாட்டைக்கூட யாரும் இப்படி அடைத்துவைப்பதில்லை. ஆனால் வேலையை விட முடியாது; வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

கொஞ்ச நாளாக எல்லாக் குரலும் அவளுக்குக் கோபமாகவே கேட்டது. நன்றி சொல்ல அழைத்த ஒரு பெரியவருக்கும் கோபம் என்றே அழுத்தினாள். வீட்டிலும் அதே கதைதான். "அண்ணி, சாப்டீங்களா?" என்று நாத்தனார் கேட்டது குத்திக்காட்டுவது போலப் பட, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெண் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, வைட்டமின் டி அடிமட்டத்தில் கிடக்கிறது, மனசு எல்லாவற்றையும் கோணலாக எடுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். மதியத்தில் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கச் சொன்னார்.

மேற்பார்வையாளனுக்கு அங்கே வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர் தேன்பாட்டில். அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவனிடம் போய், சாப்பாட்டு வேளையில் கதவைத் திறந்துவிட்டால் போதும், வெயிலில் நின்றுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு திரையைத் திருப்பி, அவள் தப்பாக அழுத்தியதையெல்லாம் காட்டினான்.

"உடம்புதாம்மா முக்கியம். இப்பவே கிளம்பலாம், நாளைலேர்ந்து வர வேணாம். வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க."

"கோபமா சொல்றீங்களா சார்?"

அவன் சிரித்தான். வேலையைப் பறிக்கும்போதும் இப்படிச் சிரிக்க எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ. தானே எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டான்.

வெளியே உச்சி வெயில். கண் கூச, வாசலிலேயே நின்றுவிட்டாள். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"ஏம்மா வெயில்ல நிக்கிற? அந்தப் பக்கம் போ."

கரிசனமா, விரட்டுகிறாரா? அவர் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. எதற்கு வம்பு என்று நிழலுக்கு நகர்ந்து நின்றுகொண்டாள்.