பெருங்களத்தூரில் நின்ற குரல்

1984 தை மாதத்திலிருந்து, பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்குத் தெற்கே ஜனங்கள் தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில், ஒரு ஆளின் குரல் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் நின்றது. மழையில் நனையவில்லை, காற்றில் நகரவில்லை. ரயில் ஒன்று கடந்து போனதும் "ஒண்ணும் வரல, வா" என்று சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். குரல் அரிகிருஷ்ணனுடையது. அவன் அப்போது உயிரோடு இருந்தான், வயது இருபத்தெட்டு, பி.எஸ்ஸி. படித்தவன், தாம்பரத்தில் கரண்ட் பில் கட்டும் ஆபீசில் கிளார்க். குரல் அங்கே நின்றுவிட்டதால் அவனிடம் மிஞ்சியது கிசுகிசுப்பு மட்டுமே.

அந்த ஊர்க்காரர்கள் ரயிலைப் பார்த்துத் தாண்டுவதில்லை, நேரத்தைப் பார்த்துத் தாண்டுவார்கள். எந்த வண்டி எப்போது வரும் என்பது பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அன்று அரிகிருஷ்ணனும் மனைவி சாமுண்டீஸ்வரியும் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். அவன் வேகமாக நடந்து முதலில் தாண்டிவிட்டான். அவள் பட்டுப்புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். நடுவில் எட்டு பத்துக்குச் செங்கல்பட்டு போகும் எலக்ட்ரிக் டிரெயின் வந்தது. அது போவதற்குள் பெரிய ரோட்டில் பஸ் வந்து நின்றுவிட்டது. கடைசிப் பெட்டி நகர்ந்ததும் அவன் பஸ்ஸைப் பார்த்தபடியே "ஒண்ணும் வரல, வா" என்று கத்தினான். எழும்பூர் போகும் எக்ஸ்பிரஸ் ஆறு மணிக்கே போயிருக்க வேண்டும். அன்று இரண்டு மணி நேரம் தாமதம். அவள் அவன் சொன்னதைக் கேட்டு வந்தாள்.

போலீசிடமும் மாமியார் கங்கையம்மாளிடமும் அவன் ஒரே வாக்கியத்தைக் கிசுகிசுத்தான்: ரெண்டு பக்கமும் பார்த்தேன். அதிர்ச்சியில் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் தொண்டை திறக்கவில்லை. டாக்டர் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை, குரல்தான் இல்லை என்றார். குரல் எங்கே இருக்கிறது என்பதைக் கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் பூவம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். தண்டவாளத்தருகே கூடையை இறக்கி வைத்து, சுற்றிலும் பார்த்து, "யாருய்யா அது, மூஞ்சியக் காட்டாம கூப்புடறது?" என்று கேட்டாளாம். மறுபடியும் அது "வா" என்றதாம். வண்டலூரிலிருந்து ஒரு கோடாங்கி வந்து, உடுக்கடித்து, குரலை எலுமிச்சம்பழத்தில் இறக்கப் பார்த்தார். மூன்று பழம் வெடித்தது. குரல் அங்கேயே நின்றது.

கங்கையம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் முடிச்சூரிலிருந்து நடந்து வந்து அதன் எதிரில் நின்று திட்டிவிட்டுப் போனாள். "இன்னும் எவளைடா கூப்புடற? ஒருத்தி வந்தது போதாதா?" மருமகனை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனுக்குத் தீபாவளிக்கு வேட்டிகூட அனுப்பினாள். குரலைத்தான் திட்டினாள்.

உள்ளூர்க்காரர்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். பழகாதவர்கள் புதிதாக மனை வாங்கி வந்தவர்கள். யாரோ பார்த்துச் சொல்கிறார்கள் என்று நம்பி இறங்கினார்கள். 1985இல் இரண்டு ஆடு போயிற்று. அடுத்த வருஷம் ரிடையர்டு தாசில்தார் லக்ஷ்மிநாராயணனின் ஒரு செருப்பு போயிற்று, அவர் போகவில்லை. அடுத்தது ஒரு ஆளாக இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அரிகிருஷ்ணன் காதிலும் விழுந்தது. குரலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி சொன்னவன் லாசரஸ். அவனுக்கு இருபத்திரண்டு வயது, மேற்குத் தாம்பரத்தில் மொபெட் மெக்கானிக், காலையில் அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த மொட்டை மாடியில் கராத்தே சொல்லிக் கொடுப்பான். அரிகிருஷ்ணனின் வண்டிக்கு பிளக் மாற்றிக்கொண்டே, "சத்தம் தொண்டைலேர்ந்து வர்றதில்ல சார். தொப்புளுக்குக் கீழ கீது. கெளாஸுக்கு வா, எடுத்துரலாம்" என்றான். கராத்தேயில் குத்தும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட வேண்டும். கியாய் என்பார்கள். அரிகிருஷ்ணன் வெள்ளை உடுப்பு தைத்துக்கொண்டு சேர்ந்தான். கால்களை அகட்டி, குதிரைமேல் உட்கார்ந்தவன்போல் நின்று, காற்றைக் குத்தினான். மாடியில் இருந்த முப்பது பேரும் கத்தினார்கள். அவன் வாய் மட்டும் திறந்து மூடியது. "சார் இன்னா, மீனா?" என்று ஒருத்தன் சிரித்தான். லாசரஸ் சிரித்தவனுக்கு இருநூறு தண்டால் கொடுத்தான்.

ஏழு மாதம் குத்தினான். முட்டி காய்த்தது, முதுகு நிமிர்ந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. எட்டாம் மாதம், அரிகிருஷ்ணனுக்குக் குரல் எடுத்துத் தருபவன் லாசரஸ்தான் என்று கேள்விப்பட்டு, பூவம்மாள் அவன் மெக்கானிக் ஷெட்டுக்கே வந்துவிட்டாள். "யப்பா, செவ்வா, வியாழன், சனி, காலைல ஆறு மணியானா அந்தக் கொரலு பேஜார் பண்ணுது. டிரெயினும் இல்ல ஒண்ணும் இல்ல, நாப்பது தபா வா வான்னுது. நேத்து எங்காலே தானா எறங்கிடுச்சு." லாசரஸ் கையைத் துடைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தான். செவ்வாய், வியாழன், சனி, ஆறு மணி, நாற்பது கியாய். மாடியில் அரிகிருஷ்ணன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி அவன் குரல் கூப்பிட்டிருக்கிறது.

அன்றைக்கே கியாய் நிறுத்தப்பட்டது. குத்தும் நின்றது. "இனிமே ஒக்காரு சார். கண்ண மூடு. நான் ஜெபம் பண்ணுவேன், நீ உன் சாமிய நெனச்சுக்கோ. ஒண்ணும் கேக்காத. கேட்டா வேற எங்கனா போய்க் கேட்டுத் தொலைக்கும்." அரிகிருஷ்ணன் மண்டியிட்டு உட்கார்ந்தான். இரண்டு வருஷம் உட்கார்ந்தான். கண்ணை மூடினால் அந்தக் காலைதான் வந்தது. முதலில் பட்டுப்புடவையின் அரக்கு நிறம் வந்தது. பிறகு பஸ், பஸ்ஸின் நம்பர், படிக்கட்டில் தொங்கியவர்கள். பிறகு தன்னையே பக்கத்திலிருந்து பார்த்தான். கழுத்து தெரிந்தது. அந்தக் கழுத்து ஒருபக்கமாவது திரும்பும் என்று நாள்தோறும் காத்திருந்தான். எழுநூறு காலையில் ஒரு காலையிலும் அது திரும்பவில்லை.

1989 ஆடியில் ஒரு சுவாதி நட்சத்திரத்தன்று சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனான். அங்கே நரசிம்மர் மலையோடு மலையாகக் குடையப்பட்டவர் என்பதால் சாமியைச் சுற்ற வேண்டுமானால் மலையைச் சுற்ற வேண்டும். வெயிலில் வெறுங்காலோடு சுற்றினான். சன்னதியில் பட்டாச்சாரியார் நாமத்தை விலக்கி, தீபத்தை உயர்த்தி, நெற்றிக்கண்ணைக் காட்டினார். அரிகிருஷ்ணன், "நான் பார்க்கல" என்றான். ஐந்து வருஷத்தில் அதை முதல்முறையாகச் சொன்னான். பட்டாச்சாரியார், "பாக்கலையா? நன்னாப் பாத்துக்கோங்கோ" என்று தீபத்தை இன்னொரு முறை உயர்த்தினார். அந்தக் கண் அவனைக் கோபமாகவும் பார்க்கவில்லை, இரக்கமாகவும் பார்க்கவில்லை. பார்த்தது. அவன் மன்னிப்புக் கேட்க வந்திருந்தான், கேட்காமல் திரும்பினான். கேட்க வேண்டிய இடம் வேறு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டு மணிக்குக் கங்கையம்மாள் தண்டவாளத்தருகே நின்று குரலைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"அத்தை, ரெண்டு பக்கமும் பார்த்தேன்னு சொன்னது பொய். நான் பார்க்கல. பஸ்ஸத்தான் பார்த்தேன்."

கங்கையம்மாள் திட்டுவதை நிறுத்தினாள்.

"தெரியும் மாப்ள. பார்த்தவன் கொரலு இப்படி இருக்காது" என்றாள். "நீயா வந்து சொல்லுவேன்னு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தேன். இருநூறு வெள்ளிக்கிழமைக்கு மேல ஆச்சு" என்றாள். அப்போது எலக்ட்ரிக் டிரெயின் வந்தது, போனது. இனி அவனோடு ஒரு பக்கத்தில் நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகத் திரும்பினாள். குரல் வழக்கம்போல் "ஒண்ணும் வரல, வா" என்றது. ஐந்து வருஷம் அதைத் திட்டியவள், அன்று அதன் பேச்சைக் கேட்டு இறங்கினாள்.

அரிகிருஷ்ணன் இடதுபக்கம் பார்த்தான். வலதுபக்கம் பார்த்தான். அந்த எழும்பூர் எக்ஸ்பிரஸ் அன்றும் தாமதமாக வந்துகொண்டிருந்தது. அவன் கால்கள் தாமாக அகன்றன. முழங்கால் மடிந்தது. தொப்புளுக்குக் கீழே, லாசரஸ் சொன்ன இடத்தில், ஐந்து வருஷமாக மூடிக்கிடந்த ஏதோ ஒன்று திறந்தது.

"நில்லு!"

கங்கையம்மாள் ஒரு கால் தூக்கியபடி நின்றாள். பெரிய ரோட்டில் லாரிகள் நின்றன. டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ ஒரு முழ நீளத்தில் அந்தரத்தில் நின்றது. கம்பியிலிருந்து கிளம்பிய காக்கை கிளம்பிய இடத்தில் நின்றது. ரயில் மட்டும் நிற்கவில்லை. ரயிலுக்கு அது சொல்லப்படவில்லை. அது கங்கையம்மாளின் மூக்குக்கு முன்னால் பதினான்கு பெட்டிகளோடும் போய் முடிந்தது. பிறகு காக்கை பறந்தது, டீ டம்ளரில் விழுந்தது, கங்கையம்மாள் தூக்கிய காலைப் பின்னால் வைத்தாள். திரும்பி அவனைப் பார்த்து, "இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

பழைய குரல் இனித் தொண்டைக்குத் திரும்பிவிடும் என்று அவன் நினைத்தான். திரும்பவில்லை. புதிய குரலும் அங்கேயே தங்கிவிட்டது, முதலாவதிலிருந்து இரண்டு முழம் தள்ளி. அவனுக்குக் கிசுகிசுப்புதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினான். 1991இல் பிரவுன் பெல்ட் பரீட்சைக்கு நகரத்திலிருந்து வந்த பரீட்சகர் கேசவன், கியாய் போடாதவருக்கு எப்படிப் பாஸ் போடுவது என்று கேட்டார். லாசரஸ் அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்துப் பெருங்களத்தூருக்குக் கூட்டிப்போனான். அவர் இரண்டு ரயில் போகும்வரை நின்று கேட்டுவிட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வயல்கள் மனைகளாயின, மனைகள் ஃபிளாட்டுகளாயின. புதிதாக வந்தவர்களுக்கு வீட்டு புரோக்கர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள்: தண்ணீர் நல்ல தண்ணீர், ஸ்டேஷன் பக்கம், தாண்டும் இடத்தில் இரண்டு குரல் உண்டு. அங்கே அதற்குப் பிறகு ஒரு ஆடுகூடப் போகவில்லை. அரிகிருஷ்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு வந்து தண்டவாளத்தருகே நிற்பான். ரயில் போகும். ஒரு குரல் கூப்பிடும், ஒரு குரல் நிறுத்தும்.

"இன்னா சார், ஊரே நிக்குது சரி, உன் கொரலுக்கு நீயுமா நிக்கிற?" என்று பூவம்மாள் கேட்பாள்.

"நிக்கணும் பூவம்மா" என்பான் கிசுகிசுப்பாக. இரண்டு பக்கமும் பார்ப்பான். பிறகு அவள் கூடையை ஒரு கை பிடித்துத் தலைக்கு ஏற்றிவிட்டு, ஆபீசுக்குப் போவான்.