தோற்றுப்போன மூன்றாம் புத்தகம்

"நீங்க புத்தகம் வாசிப்பீங்களா?"

"ஓம், கிடைச்சா வாசிப்பன்."

"கடைசியா என்ன வாசிச்ச?"

"பேர் மறந்து பெய்த்து. ஆனா நல்ல கதை."

"எத்தினயாம் பக்கத்தில அழுத?"

"நான் அழுறல்ல."

தொலைபேசியில் யசோதினி சிரித்தாள். ஏழு வருடங்களுக்கு முன், பனிச்சங்கேணியில் கவிழ்த்து வைத்த தோணி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு ரதீஸ் சொன்ன பொய் அது. தோணி, வலைக் கணக்கெடுப்புக்காக அந்த ஊருக்கு வந்துபோன பட்டதாரிப் பெண் தானாக அழைத்துப் பேசுகிறாள். அவளிடம், நாலாம் வகுப்போடு படிப்பு நின்று, இடம்பெயர்ந்து, முகாம் முகாமாகத் திரிந்து, ஊர் திரும்பியதும் நேரே வலை இழுக்கப் போனவன் என்று எப்படிச் சொல்வது?

எழுத்து தெரியாதவன் அல்ல ரதீஸ். பஸ் போர்டு வாசிப்பான், மருந்துத் துண்டு வாசிப்பான். புத்தகப் பக்கம்தான் அவனுக்கு வசப்படுவதில்லை. ஒரு வரியின் கடைசிச் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் முதற் சொல் மறந்துவிடும்.

கலியாணம் முடிந்து, மட்டக்களப்பு வழக்கப்படி பெரியகல்லாற்றில் யசோதினியின் வீட்டுக்கு வந்தான். அவளுடைய பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் புத்தகம் வாங்கிக் கொடுத்தான். அட்டைப் படத்தையும் தடிப்பையும் பார்த்துத் தெரிவு செய்தவை. அவள் வாசிப்பாள். கறி அடுப்பில் இருக்கும்போது பாதிக் கதையைச் சொல்வாள். நல்ல இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள்.

"மிச்சத்த நீங்க வாசிங்க மச்சான். சொன்னா ருசி போயிரும்."

"மறுகா வாசிக்கன்" என்பான் அவன்.

இப்படி ஆறு வருடத்துப் பாதிக் கதைகள் அவனுக்குள் கிடந்தன. யாழ்தேவி ரயிலில் ஏறிய விதவை எங்கே இறங்கினாள்? தம்பியின் கடிதத்தைப் பிரிக்காமலே எரித்த அண்ணன் பிறகு என்ன ஆனான்? களப்பில் வலை வீசிவிட்டுக் காத்திருக்கும் நேரங்களில் ரதீஸ் தானே முடிவுகள் கட்டிப் பார்ப்பான். ஒன்றிலும் அவனுக்கே நம்பிக்கை வராது. எனக்கு வாசித்துக் காட்டு என்று ஒரு சொல் கேட்டால் போதும். கேட்டால் அந்தப் பழைய பொய்யும் கூடவே வெளியே வரும். அதனால் கேட்கவில்லை.

இந்த மாதம்தான் யசோதினியும், காத்தான்குடியில் இருக்கும் அவளுடைய பல்கலைக்கழகத் தோழி நிஸ்றாவும் சேர்ந்து இணையத்தில் ஒரு வாசிப்புக் குழு தொடங்கினார்கள். எல்லாமாக ஏழு பேர். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு சூமில் கூடுவது. முதற் கூட்டத்தில் ஒரே வேலை, எதை வாசிப்பது என்று முடிவெடுப்பது. மூன்று நாவல்களின் முதற் பக்கத்தை யசோதினி வாசிப்பாள். பிறகு வாக்கெடுப்பு.

அன்று ரதீஸ் குசினி வாசலில் சட்டியை வைத்துக்கொண்டு இறால் உரித்தான். யசோதினியின் அம்மா, மாமி இலட்சுமிப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"என்ன மகன், அரைக் கிலோ இறாலுக்கு அரை நாளா?"

"சின்ன இறால் மாமி."

"இறால் சின்னன்தான். காதுதான் பெரிசா இரிக்கி" என்று சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குப் போனார்.

முதற் புத்தகம் தேயிலைத் தோட்டத்துக் குடும்பக் கதை. இரண்டாவது சென்னையில் நடக்கும் கொலையைத் துப்புத் துலக்குவது. மூன்றாவதை யசோதினி வாசிக்கத் தொடங்கியதும் ரதீஸின் கை தானாக நின்றது.

"ஏழாம் நாளும் மழை விடவில்லை. வயல்கள் மூழ்கின. ஊரார் ஆற்றின் வாயை வெட்டப் போனார்கள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தான். வீட்டில் அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை."

பக்கம் முடிந்தது. கொழும்பிலிருந்து நல்லரத்தினம் சேர் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்.

"ஆற்றின் வாயை வெட்டுவது. எவ்வளவு ஆழமான படிமம் பாருங்கோ. ஆறு என்பது மக்களின் குரல். அதன் வாயையே வெட்டுகிறார்கள். இது மௌனமாக்கப்பட்டவர்களின் கதை."

"எனக்கும் நெஞ்சு ஒருமாதிரிப் போச்சு சேர்" என்றாள் கனடாவிலிருந்து பிரஷாந்தி.

ரதீஸுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. இறால் ஒன்று சட்டிக்கு வெளியே விழுந்தது.

"ஆரது சிரிக்கிறது?" என்றார் நல்லரத்தினம் சேர்.

யசோதினி திரும்பி முறைத்தாள். "என்ட அவர் சேர்."

"மச்சானா? கூப்பிடுகா, சிரிச்ச ஞாயத்தச் சொல்லட்டும்" என்றாள் நிஸ்றா. அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

வேறு வழியில்லாமல் ரதீஸ் கையைத் தூக்கிப் பிடித்தபடி திரையின் ஓரத்தில் வந்து நின்றான்.

"குறை நினைக்காதீங்க சேர். வாய் எண்டா முகத்துவாரம். களப்பு கடலோட சேருற இடம். கோடையில மண் மூடிரும். மாரியில வெள்ளம் நிண்டா வயல் அழிஞ்சிரும், அதால வெட்டி விடுற. சின்ன வாய்க்கால் போதும், மறுகா தண்ணியே அகலமாக்கிக்கொண்டு ஓடும்."

"அப்ப படிமம் இல்லையோ?"

"மண் சேர்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்லரத்தினம் சேரும்தான். ஆனால் ரதீஸ் நகரவில்லை.

"அதில்ல சேர் விசயம். வெட்டினாப் பிறகு அங்கால, அக்கரையில நிக்கிறவன் இஞ்சால வர ஏலா. இழுவை அப்பிடி. நாள் கணக்கா ஏலா. அதால வெட்டுற ஆக்கள் எந்தப் பக்கம் நிக்கிற எண்டு முதலே பார்ப்பாங்க. இவன் அக்கரையப் பார்க்கான், வீட்டயும் சொல்லல்ல. வாய் திறக்கக்குள்ள அவன் அங்கால நிக்கப் போறான்."



"அப்ப அங்கால ஆரு இரிக்கா?" என்றாள் நிஸ்றா.

"அதத்தான் எனக்கும் தெரியணும்."

யசோதினி அவனை முதன்முறை பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

"தம்பி, அடுத்த பக்கத்தை நீங்களே வாசியுங்கோ. உங்கட வாயால கேட்டால் விளங்கும்" என்றார் நல்லரத்தினம் சேர்.

யசோதினி புத்தகத்தை நீட்டினாள்.

"கையெல்லாம் இறால் சேர்" என்று பின்வாங்கிக் குசினிக்குள் போனான்.

வாக்கெடுப்பு நடந்தது. துப்பறியும் கதைக்கு நான்கு. மூன்றாம் புத்தகத்துக்கு மூன்று. மழை, வெள்ளமெல்லாம் வேலை முடிந்து வருகிறவர்களுக்குப் பாரம் என்றாள் பிரஷாந்தி. நல்லரத்தினம் சேரோ, மண்ணாக இருந்தாலும் தன் வாக்கு மூன்றுக்குத்தான் என்றார்.

கூட்டம் முடிந்தது. யசோதினி மடிக்கணினியை மூடிவிட்டு மூன்றாம் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.

"அத என்ன செய்யப்போற?"

"நிஸ்றா லைப்ரரியில எடுத்த. நாளைக்குக் குடுக்கணும். ஏன், நீங்க வாசிக்கப்போறீங்களா மச்சான்?"

ரதீஸ் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினான். இரண்டாம் முறையும் கழுவினான். துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, முதற் பக்கத்தை விரித்தான். ஏழாம் நாளும் மழை. கேட்ட சொற்கள் என்பதால் அவ்வளவும் வந்தது. பக்கத்தைப் புரட்டினான். அடுத்த வரியில் விரலை வைத்தான். உதடுகள் அசைந்தன. அந்த வரி முடியவில்லை. யசோதினி அவன் விரலையும் உதடுகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் விரலை எடுக்கவில்லை, மறைக்கவுமில்லை.

"யசோ."

"ம்."

"எனக்கு இவ்வளவுதான் வரும். எப்பயும் இவ்வளவுதான் புள்ள."

அவன் புத்தகத்தை அவள் கையில் வைத்தான்.

"இத நீ எனக்கு வாசிச்சுக் காட்டு. பாதியில நிப்பாட்டாம, கடைசி மட்டும் வாசிச்சுக் காட்டு."