பீங்கான் பேசிய டிசம்பர்

டிசம்பர் பிறந்து சில நாட்களுக்கெல்லாம் ரத்தினபாயின் வீட்டுக் கக்கூஸ் பேச ஆரம்பித்தது.

முதலில் சங்கிலியை இழுத்த பிறகு ஒரே ஒரு வார்த்தை. 'குளுக்.' மறுநாள் இரண்டு வார்த்தை. வாரம் முடிவதற்குள் அது பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டது. தண்ணீர் பீங்கானின் விளிம்புவரை ஏறும், நின்று யோசிக்கும், பிறகு மனமில்லாமல் இறங்கும். இறங்கும்போது அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் வரும். குமிழிகளோடு, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த வீட்டில் வரக்கூடாத ஒரு வாசனையும் வந்தது.

வேறு வீடாயிருந்தால் இது ஒரு ரிப்பேர் வேலை. இந்த வீட்டில் இது ஒரு வழக்கு, பழைய வழக்கு.

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில், பொன்னுரங்கத்தின் நெல்வயலாக இருந்த இடத்தில் மனை வாங்கி வீடு கட்டியபோது, அவள் கணவன் அசரியா அலமாரி, ஜன்னல், முகப்பில் சிலுவை வைத்த சிமெண்டு வளைவு என்று ஆயிரம் கேட்டான். ரத்தினபாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கக்கூஸ் வீட்டுக்குள்ளே இருக்கவேண்டும். அதுவும் பிளஷ் அவுட்.

"ஜெபம் பண்ணுகிற கூரைக்குக் கீழேயா?" என்று நாசரேத்திலிருந்து கடிதம் போட்டாள் அசரியாவின் அக்கா தபீதாள். தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவள் வார்த்தையை அசரியா லேசில் தட்டமாட்டான். ரயில்வே ஆபீசில் அத்தனை கோப்புகளுக்கும் ஒரு நடுவழி கண்டுபிடிக்கிறவன், இதற்கும் ஒன்று கண்டுபிடித்தான். உள்ளேயே கட்டலாம். ஆனால் ஒரு நாள் வாசனை அடித்தாலும் இடித்து மூடிவிட்டு, கொல்லைக் கோடியில் புதிதாகக் கட்டிவிடுவது. அக்காவும் சம்மதித்தாள். கட்டாயம் ஒரு நாள் அடிக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை.

இப்போது அடித்தது. பண்டிகைக்கு அக்கா வருகிறாள்.

"உன் சமஸ்தானத்தில் கலகம் போலிருக்கே" என்றான் அசரியா, கதவுக்கு வெளியே நின்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அதனாலேயே அவனோடு சண்டை போடுவது கஷ்டம்.

சமஸ்தானம் என்று அவன் கேலியாகச் சொன்னது எவ்வளவு சரி என்று அவனுக்குத் தெரியாது. வாடகை வீட்டில் நான்கு குடித்தனத்துக்கு, ஆள் வந்து அள்ளிப்போகிற ஒரே எடுப்புக் கக்கூஸ். செம்போடு வரிசையில் நிற்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் அவள் சயன்ஸ் டீச்சர்; மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்காரவேண்டும். வீட்டிலோ பெற்ற பெண்கள் இரண்டு பேர், போதாததற்கு இண்டர்வியூவுக்கும் கண் ஆபரேஷனுக்கும் பட்டணம் வந்து தங்கும் ஊர்க்காரர்கள். எந்த அறையில் அவள் உட்கார்ந்தாலும் யாராவது வந்து எதையாவது கேட்பார்கள். அந்தச் சின்ன அறைக்குள் மட்டும் யாரும் கேட்பதில்லை. அங்கே போய் அவள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மேலே காற்றுக்காக வைத்த சிமெண்டு ஜாலியின் ஓட்டைகளில் தெரியும் ஒரு துண்டு வானத்தைப் பார்ப்பாள். தான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே தெரியவரும். அதற்காகத்தான் இந்த வீட்டையே கட்டினோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியதுண்டு. யாரிடமும் சொல்லிக்கொள்கிற விஷயமில்லை அது.

அசரியா முதல் வைத்தியம் பார்த்தான். "தண்ணி போதலை. வேகம் இல்லை" என்று ஸ்டூல் போட்டு ஏறி, மேலே சுவரில் இருந்த இரும்புத் தொட்டியின் மூடியைத் திறந்து, மிதக்கும் செம்புப் பந்தின் கம்பியைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்தான். தொட்டி நிரம்பியது, அதற்கு மேலும் நிரம்பியது. சங்கிலியை இழுக்காமலேயே வெளிச்சுவரில் அருவி கொட்டிற்று. பீங்கான் மட்டும் தன் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. கம்பியை மறுபடி கீழே வளைத்தவள் ரத்தினபாய்தான்.

அடுத்த வைத்தியர் பொன்னுரங்கம். மனையை விற்ற பிறகும் அந்த நிலத்தின்மேல் அவருக்குப் பாத்தியதை போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு.

"இதுல யோசிக்க இன்னா கீது டீச்சரம்மா? டேங்கு ரொம்பிப் பூட்சி. ஊர்ல இருக்கற சொந்தக்காரன்லாம் வந்து துன்னுட்டுப் போனா டேங்கு இன்னா பண்ணும்?"

கொல்லையில் புதைத்திருந்த செப்டிக் டேங்கின் கல்பலகையைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். டேங்கில் இன்னும் எவ்வளவோ இடம் இருந்தது.

"எங்கே, இழுங்க பாக்கலாம்" என்றார் பொன்னுரங்கம்.

ரத்தினபாய் உள்ளே போய்ச் சங்கிலியை இழுத்தாள். ஒரே மடக்கு. சத்தமில்லை, குமிழி இல்லை. தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

"பாத்தியா! நான் தொட்டாலே சரியாப் பூடும்" என்று பொன்னுரங்கம் மீசையைத் தடவிக்கொண்டு, பலகையை மூடிச் சந்துகளில் சாந்து பூசிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அக்கா தபீதாள் வந்து இறங்கினாள். டிரங்குப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் உள்ளேயிருந்து கேட்டது: குளுக், குளுக், குளுக்.

தபீதாள் காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு மூக்கை.

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள்.

அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "பண்டிகை கழியட்டும் அக்கா. ஜனவரியிலே கொத்தனாரைக் கூப்பிட்டுடலாம்" என்றான் அசரியா. ரத்தினபாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அன்றைக்கு அவன் சிரிக்கவும் இல்லை.

தபீதாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. விடிவதற்கு முன் பொன்னுரங்கத்தின் மனைவி கிளியம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, செம்போடு ஏரிக்கரைக்குப் போனாள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ரத்தினபாய்க்கு அந்தச் சிரிப்புகூடத் தன்னைக் குத்திக்காட்டுவதாகப் பட்டது.

பண்டிகைக்கு முறுக்குச் சுட உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளிச்சமாயிற்று. புது எண்ணெய் டின்னில் ஆணியை வைத்து ஒரு ஓட்டை போட்டு, வாணலியில் சரித்தாள் ரத்தினபாய். எண்ணெய் சீராக வராமல், விக்கி விக்கி வந்தது. குளுக். நின்றது. குளுக், குளுக்.

கை அப்படியே நின்றுவிட்டது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இத்தனை நாளாக இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள்! டின்னின் எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டாள். எண்ணெய் நூல் பிடித்தாற்போல் இறங்கியது.

வருஷா வருஷம் வகுப்பில், காற்றும் ஒரு பொருள், அது இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறவள் அவள். அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

"பொன்னுரங்கம்! அந்தப் பலகையை ஒரு ஓரமா மட்டும் நெம்பி, கீழே ஒரு கல்லைச் செருகுங்க."

"இன்னா டீச்சரம்மா, இன்னாத்துக்கு இந்த பேஜாரு? டேங்குதான் ரொம்பலியே."

"செருகுங்களேன்."

அவள் உள்ளே போய் இழுத்தாள். ஒரே மடக்கு. தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து ஜாலி வழியே கத்தினாள்: "கல்லை எடுத்திட்டு, பலகையை நல்லா அழுத்தி மூடுங்க!" மறுபடி இழுத்தாள். குளுக், குளுக். "மறுபடி செருகுங்க!" ஒரே மடக்கு.

டேங்குக்குள் தண்ணீர் போகவேண்டுமானால் உள்ளேயிருக்கும் காற்று வெளியே போயாகவேண்டும். போகிற வழி அடைத்திருக்கிறது. அதனால் அது பீங்கானில் நிற்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. சத்தமும் அதுதான், வாசனையும் அதுதான். சரி, காற்று போவதற்கென்று வைத்த வழி எது?

வெளியே வந்து டேங்கின் மூலையில் நின்ற உயரமான குழாயை அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனாள். பொன்னுரங்கமும் கூடவே அண்ணாந்தார்.

குழாயின் உச்சியில் மூங்கில். மூங்கிலின் உச்சியில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிய அசரியாவின் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்.

தாம்பரத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் உண்டு. தன்னுடையதுதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கவேண்டும், மின்சார ரயிலில் போகிறவர்கள்கூடப் பார்க்கவேண்டும் என்பது அசரியாவின் ஆசை. அதற்காக டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே உயரமான அந்தக் குழாயின் தொப்பியைக் கழற்றி, மூங்கிலைச் செருகி, காற்றில் ஆடாமலிருக்கச் சுற்றிலும் கோணியை அடைத்து, அதன்மேல் தன் கையாலேயே சிமெண்டும் பூசியிருந்தான்.

"ஐயய்யோ" என்றார் பொன்னுரங்கம். "ஏணியப் புட்ச்சிகினு நின்னவன் நானு!"

"இப்போதைக்கு யார்கிட்டேயும் சொல்லாதீங்க."

அன்று பகல் முழுவதும் ரத்தினபாய் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். இனிப்பை உடனே விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வதுபோல. அக்காவுக்கு முன்னால் சொன்னால் எப்படி இருக்கும், எந்த வார்த்தையில் தொடங்கலாம் என்று ஒத்திகை பார்த்தாள். முறுக்குப் பிழியும்போதெல்லாம் அவள் உதடு தானாகச் சிரித்தது. ஆனால் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த அசரியா, சட்டைகூட மாற்றாமல் தெருவில் நின்று, விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் பாதி உதிர்ந்துவிட்டது. மீதிப் பாதியை விடவும் மனமில்லை.

காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"நட்சத்திரம் எதுமேலே நிக்குது?"

"பைப்புமேலே."

"அது என்ன பைப்பு?"

"உன் சமஸ்தானத்துக் கொடிமரம்" என்றான், வழக்கமான சிரிப்போடு.

"அது வழியாத்தான் அந்த டேங்கு மூச்சு விடுது. நீங்க அதோட மூக்கைப் பொத்தி, மேலே சிமெண்டும் பூசியிருக்கீங்க."

அசரியா குழாயைப் பார்த்தான். டேங்கைப் பார்த்தான். காபியைக் குடிக்காமல் வெகுநேரம் தம்ளருக்குள் பார்த்தான்.

"அக்காகிட்டே சொல்லிட்டியா?"

"இல்லை."

"சொல்லுவியா?"

"யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் ரத்தினபாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளுடைய பதிலுக்காக இப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சநேரம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அசரியா ஏணியில் ஏறி, ஸ்குரூடிரைவரால் சிமெண்டைக் கொத்தினான். பொன்னுரங்கம் மறுபடியும் ஏணியைப் பிடித்தார். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தபீதாள் தலையை உயர்த்தினாள்.

"என்ன தம்பி, பண்டிகைக்கு முன்னாலேயே நட்சத்திரத்தை இறக்குதே?"

"காத்து ஜாஸ்தியா இருக்கு அக்கா."

"ஆமா பெரிம்மா, காத்து ஜாஸ்திதான்" என்றார் பொன்னுரங்கம். "மேலருந்து இல்ல. கீழருந்து."

அந்தச் சமயத்தில் கோணி பிடுங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சைக் குழாய் ஒரேயடியாக, நேராக அசரியாவின் முகத்தில் விட்டது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நட்சத்திரத்தை மார்போடு அணைத்தபடி, படி தேடித் தேடி இறங்கினான். தபீதாள் முறத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். முறம் குலுங்கிற்று, அவள் சிரிக்கிறாளா இருமுகிறாளா என்று தெரியவில்லை. ரத்தினபாய் ஒன்றும் சொல்லவேண்டிய தேவை இல்லாமலே போயிற்று.

குழாய்க்குத் தொப்பி மாட்டியாயிற்று. நட்சத்திரம் தென்னைமரத்துக்குப் போனது. பீங்கான் வாயை மூடிக்கொண்டது. ஆனாலும் கொத்தனாரை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் அசரியா சொல்லமாட்டான்; அக்காவோ விடியற்காலையில் செம்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிறைந்து, கரையோரப் புதரெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. தபீதாள் வாசலில் நின்று மழையைப் பார்த்தாள், கூடத்துக்கு வந்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள். கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல் அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரத்தினபாய் சாப்பாட்டு மேஜையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சை எழுதப் போன பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்து வாசலில் காத்திருக்கிறவளைப்போல் இருந்தது. சங்கிலி இழுபட்டது. 'சர்'ரென்று ஒரே மடக்கு. அப்பாடா என்றிருந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. வெங்காயமெல்லாம் நறுக்கியாயிற்று. கதவு திறக்கவில்லை. வழுக்கி விழுந்துவிட்டாளோ?

"மதினி!" என்று கதவைத் தட்டினாள். "ஒண்ணும் இல்லையே?"

"உயிரோடதான் இருக்கேன். போ" என்று குரல் வந்தது.

ஒருவழியாக வெளியே வந்த தபீதாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரம் ஆயிட்டுதா?" என்றாள், அவளுக்கு வழக்கமில்லாத மெல்லிய குரலில். "சும்மாதான் இருந்தேன், ரத்தினம். ஊர்லே மகன் வீட்டிலே பேரப்பிள்ளை ஏழு. எங்கே போய் உக்காந்தாலும் பின்னாலேயே வந்துரும். உள்ளே ஒரு சத்தம் இல்லே பாத்துக்கோ. அப்படியே உக்காந்துட்டேன்."

ரத்தினபாய்க்குத் தன் மனசுக்குள் இருந்ததை வேறொருத்தி எடுத்துச் சத்தமாகப் படித்தாற்போல இருந்தது. சந்தோஷம்தான். கூடவே, தான் ஒளித்துவைத்திருந்த பலகாரத்தை இன்னொருத்தி கண்டுபிடித்துவிட்டதுபோல ஒரு சின்ன எரிச்சலும்.

சாப்பிடும்போது அசரியாதான் ஆரம்பித்தான். "அக்கா, கொத்தனாருக்கு இப்பவே சொல்லிவைக்கவா?"

"எதுக்கு?"

"அதை இடிச்சுப் பின்னாலே மாத்த."

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் தபீதாள். "இந்த மழையிலே பின்னாலே யார் போவா? நான் ஊருக்குப் போன பொறவு என்னமும் பண்ணிக்கோ."

"எப்போ அக்கா போறீங்க?"

"வந்தவளைப் போகச் சொல்லுதான் பாரு! ஈஸ்டர் வரைக்கும் இருக்கலாம்னு பாக்கேன்."

அசரியா ரத்தினபாயைப் பார்த்தான். அவள் சோற்றைப் பார்த்தாள்.

பண்டிகையன்று கோயிலுக்குப் போகுமுன் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்காக, ரத்தினபாய் எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். மழை விட்டிருந்தது. பெண்கள் இன்னும் போர்வைக்குள் இருந்தார்கள். காலடி ஓசை கேட்காமல் நடந்து போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"நான்தான் மதினி."

"இப்பத்தான் வந்தேன்" என்றாள் தபீதாள்.

எவ்வளவு நேரத்துக்குப் பிறகு சொல்லப்படுகிற 'இப்பத்தான்' அது என்று ரத்தினபாய்க்குத் தெரியாதா? இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பொய்யை அதே குரலில் சொல்லிவந்தவள் அவள்தானே.

"பரவாயில்லை மதினி, மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு, கேக்குக்கு முட்டை அடிக்கப் போனாள்.