பன்னிரண்டு அம்புகளுக்கு ஒரு கூடு

1945 ஐப்பசியில் தேவபிரசாதம் திரேஸ்புரம் கடற்கரையில் நின்று எய்த பன்னிரண்டு அம்புகளும் கீழே இறங்கவில்லை. ஒரு பனை உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றன. அவன் வீட்டுக்கு நடந்தபோது கூடவே வந்து ஓட்டுக்கு மேலே நின்றன. மறுநாள் அவன் குமாஸ்தாவாக இருந்த கப்பல் கம்பெனிக்குப் போனபோது கம்பெனிக் கூரைக்கு மேலே நின்றன. முதல் வாரம் ஊர் அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் வாரம், அம்பு முனைகள் காற்று வரும் பக்கம் திரும்புகின்றன என்பதை வள்ளக்காரர்கள் கண்டுகொண்டார்கள். அதன்பிறகு வாடையா கொண்டலா என்று தெரிய அவன் வீட்டுக்கு மேலே பார்த்துவிட்டுத்தான் பாய் கட்டினார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்து, எந்தச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை என்று சொல்லி, ஒரு சோடா குடித்துவிட்டுப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் ஆலாப் பறவைகள் அம்புகளின் மேல் உட்காரப் பழகிவிட்டன.

அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது. பி.ஏ. படித்தவன். கல்லூரியில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரிடம் வில் பழகி, இலக்குப் பலகையில் அறுபது கஜத்திலிருந்து நடு வட்டத்தை அடிப்பான். யுத்த காலத்தில் தோட்டா கிடைக்காமல் துப்பாக்கிகள் பரணில் ஏறியபோது, மாப்பிள்ளையூரணியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த வன்னியபெருமாள் அவனை வேட்டைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். உடைமரக் காட்டில் முயலும், அதிர்ஷ்டம் இருந்தால் பன்றியும் கிடைக்கும். ஆகவே அவனிடம் இரண்டு வகை அம்புகள் இருந்தன: பலகைக்கு மொட்டை முனையில் ஆறு, வேட்டைக்கு இலைபோல் அகன்ற அலகு வைத்து ஆறு. அம்பறாத்தூணி என்று புத்தகத்திலும் அம்புக்கூடு என்று ஊரிலும் சொல்லப்படுகிற பொருள் மட்டும் அவனிடம் இருந்ததில்லை. மனைவி பிலோமினா இருந்தாள். அவள் இடது பக்கம் நின்று பன்னிரண்டையும் கை மடிப்பில் பிடித்திருப்பாள்; அவன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினால் வேண்டிய அம்பு வரும். வேட்டைக்கும் வந்தாள். ஊர் ஒரு மாதம் பேசி ஓய்ந்தது. ஐப்பசியில் டைபாய்டு காய்ச்சலில் பதினோரு நாள் கிடந்து இறந்தாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவன் வில்லை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான். அவன் அழுததை யாரும் பார்க்கவில்லை.

தை மாதத்தில் மாமியார் பிளாரன்ஸ் வேம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இரண்டு வயதுப் பேத்தி விக்டோரியாவை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"மருமவனே, நீரு நல்லவருதான். ஆனா தலைக்கு மேல அம்பு நிக்கிற வீட்டுல பிள்ளைய விடமாட்டேன்."

"இத்தன நாளா ஒண்ணும் விழல, மாமி."

"இத்தன நாளு விழலன்னா நாளைக்கும் விழாதுன்னு எந்த காலேசுல சொல்லிக்குடுத்தாவ?"

அவள் கேட்டது நியாயம் என்றே அவனுக்குப் பட்டது. அவளுடைய மகன் ஹென்றி கொழும்பில் கடை வைத்திருந்தான். ஈஸ்டர் என்னும் பாஸ்குத் திருநாளுக்கு ஊருக்கு வருகிறவன், உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் தோணியில் திரும்பும்போது பிள்ளையைக் கொண்டுபோவான் என்றாள். அதற்குள் அம்புகள் இறங்கி, இறங்கிய இடத்தில் தங்கினால் பிள்ளை தகப்பனோடு இருக்கட்டும். கொழும்புக்குப் போகிற பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்குத்தான் திரும்புவார்கள் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். தேவபிரசாதம் தலையை ஆட்டினான். பஸ் புறப்பட்டபோது பிள்ளை ஜன்னல் வழியாக அம்புகளுக்குக் கை காட்டியது.

இறங்க இடமில்லாமல்தான் அவை மேலே நிற்கின்றன என்று அவன் முடிவு செய்தான். முடிவில் அவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பலகைக்கும் காட்டுக்கும் ஒன்றாகப் பொருந்தும் கூடு வேண்டும். மதராஸிலிருந்து தபாலில் ஒரு தோல் கூடு வரவழைத்தான். முதுகில் மாட்டுவது, பித்தளை வளையம் வைத்தது, பார்க்க அழகானது. வெளியில் புழங்கும் புதுப் பொருள் எதற்கும் திரேஸ்புரத்துக்காரன் என்ன செய்வானோ அதையே அவனும் செய்தான்: சாமியாரிடம் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து, வள்ளத்துக்குப் பூசுவதுபோல் மூன்று கை சுறா எண்ணெய் பூசி வெயிலில் வைத்தான். அன்று மாலையே மொட்டை அம்புகள் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, இறகு மேலாகக் கூட்டுக்குள் நின்றன. அலகு வைத்தவை அசையவில்லை. அவற்றுக்கு வேட்டையைக் காட்டினால் வந்துவிடும் என்று நினைத்து, கூட்டை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையூரணிக்குப் போனான். வன்னியபெருமாள் கடையை விட்டு வெளியே வரும் முன்பே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னவே, வேட்டைக்கு வாரீரா, சாளை மீனு விக்க வாரீரா?"

"தோல் வெடிக்கக் கூடாதுன்னு எண்ணெய் போட்டேன், அண்ணாச்சி."

"முயலுக்கு நீரு வாரது வேம்பார் வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

அன்று காட்டில் ஒரு முயல்கூடக் கண்ணில் படவில்லை. நடக்கும்போது அம்புகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன. தோளுக்கு மேல் கையைத் தூக்கினால் உடைமுள் கிழித்தது. முள் கிளைக்குக் குனிந்தபோது ஆறு அம்புகளும் அவன் தலைக்கு மேலாகச் சரிந்து மண்ணில் விழுந்தன. விழுந்தவை கொஞ்ச நேரம் கிடந்து, அவமானப்பட்டவைபோல எழுந்து, பழைய உயரத்துக்கே போய்விட்டன.

வன்னியபெருமாள் தம்முடைய கூட்டைக் கொடுத்தார். மூங்கில் குழாய், மேலே உடும்புத்தோல், இறுக்கமான மூடி. அலகு அம்புகள் ஆறும் உடனே இறங்கின. உள்ளே சத்தமே இல்லை. ஆனால் பலகையின் முன்னால் நின்று அடுத்தடுத்து எய்யும்போது, ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றி, அலகு விரலைக் கிழிக்காமல் உள்ளே துழாவ வேண்டியிருந்தது. மொட்டை அம்புகள் அதைக் கவனித்துக்கொண்டு மேலேயே நின்றன.

"எதுக்குவே மண்டைய ஒடைக்கீரு? ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி ரெண்டையும் சேத்துக் கெட்டிக்கிட்டு நில்லும்."

சொன்னபிறகு வன்னியபெருமாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். தேவபிரசாதம் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதுகில் தோலும் இடுப்பில் மூங்கிலுமாகக் கட்டிக்கொண்டு நின்றான். பன்னிரண்டு அம்புகளும் இறங்கி வந்தன. தலை உயரத்துக்கு வந்ததும், எதற்குள் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டன. ஒன்பது நாள் அப்படி நின்றன. மீன்காரிகள் அவன் தெருவில் கூடையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். கம்பெனியில் மானேஜர் அவனோடு குனிந்தபடி பேசினார். தவக்கால ஞாயிறுகளில் அவன் கோயிலுக்கு வெளியே மணலில் முழங்காலிட்டுப் பூசை கண்டான். செய்தி பஸ் கண்டக்டர் வழியாக வேம்பாருக்குப் போனது; பதிலும் அவர் வழியாகவே வந்தது. "மொதல்ல தலைக்கு மேல இருந்துது, இப்பம் தலைக்கு நேரா வந்துட்டுன்னு சொல்லுதாவ. ஹென்றிக்குத் தந்தி குடுத்தாச்சுன்னு சொல்லு." அவன் இரண்டு கூடுகளையும் கழற்றி வைத்தான். அம்புகள் பனை உயரத்துக்குத் திரும்பின. பாஸ்குவுக்கு எட்டு நாள் இருந்தது.

திரேஸ்புரத்தில் பர்னபாஸ் என்று ஒருவர் இருந்தார். சங்கு குளிப்பவர், முத்துச் சலாபம் நடந்த வருடங்களில் முத்தும் குளித்தவர். விக்டோரியாவுக்கு ஞானத்தகப்பன் என்பதால் அவரும் தேவபிரசாதமும் ஒருவரையொருவர் கும்பாதிரி என்றுதான் கூப்பிடுவார்கள். குருத்தோலை ஞாயிறன்று அவர் வள்ளத்தடியில் உட்கார்ந்து தாம் குளிக்கும்போது இடுப்பில் கட்டும் வலைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தார். தேவபிரசாதம் அந்தப் பையையே வெகுநேரம் பார்த்தான்.

"கும்பாதிரி, அடியில போனா இதோட வாய எப்படிக் கண்டுபிடிப்பிய?"

"கண்டுபிடிக்கதா? அங்கன கண்ணு ஏது? கலங்கிக் கெடக்கும். இருக்கது ஒரு மூச்சு. கை போற எடத்துல வாய் இருக்கணும், அவ்வளவுதான். இல்லன்னா பையத் தேடுவேனா, சங்கத் தேடுவேனா?"

"தலகீழாப் போவும்போது சங்கு கொட்டாதா?"

"கொட்டுனா நான் எதுக்குக் குளிக்கேன்? நீரு கம்பெனியில உக்காந்து கேக்கீரு. சுருக்குக் கயிறு ஒண்ணு இருக்குல்லா, இழுத்தா வாய் மூடும்."

தேவபிரசாதம் மணலில் உட்கார்ந்து விரலால் வரைந்து காட்டினான். பிரம்பு வளையம் வைத்த வாய். நீளம் அம்புக்கு முக்கால். நடுவில் குறுக்கே ஒரு தடுப்பு வலை, ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் அலகு. அடியில் தென்னைநார் மெத்தை, அதில் மெழுகு உருக்கி ஊற்ற வேண்டும்: அலகு துருப்பிடிக்காது, சத்தமும் வராது, மீன் நாற்றமும் கிடையாது. இறகில் உப்பு ஈரம் படாமலிருக்கப் பாய்த்துணியில் ஒரு மடிப்பு. பலகைக்கு நிற்கும்போது இடுப்பில் சாய்ந்து தொங்கும். காட்டில் சுருக்கை இழுத்து, அதே வாரை மாற்றிப்போட்டால் கக்கத்துக்குக் கீழே முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பர்னபாஸ் இரண்டு இடங்களில் அவனைத் திருத்தினார். தடுப்பு வலையைத் தளர்வாக விடச் சொன்னார், கைக்கு வழி வேண்டும் என்றார். மெழுகுக்கு, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளைக் கேட்டு வாங்கினார்கள்.

புதன்கிழமைக்குள் பாதி பின்னியாகிவிட்டது. வியாழன் இரவிலிருந்து பர்னபாஸ் கயிற்றைத் தொடவில்லை. ஆண்டவரைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டுபோன நாளில் அவர் முடிச்சுப் போடமாட்டார். அவருடைய தகப்பனும் போட்டதில்லை. பெரிய வெள்ளியன்று அந்தக் கரையில் அவிழ்ந்த பாய் அவிழ்ந்தபடியே கிடக்கும். தேவபிரசாதமும் அவரை நெருக்கவில்லை. வியாழனிலிருந்து ஓய்ந்திருந்த கோயில் மணி சனிக்கிழமை நடுப்பகலில் மறுபடி அடித்ததும் பர்னபாஸ் முதல் முடிச்சைப் போட்டார். ஞாயிறு பூசை முடிந்து வந்து கடைசி முடிச்சைப் போட்டார். மெழுகு ஆறும்வரை தொடக் கூடாது என்று திங்கள் காலைவரை வீட்டில் பூட்டி வைத்தார்.

திங்களன்று கடற்கரையில் கொழும்புத் தோணியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிளாரன்ஸ் கறுப்புச் சேலையில் நின்றாள். ஹென்றியின் காலடியில் விக்டோரியாவின் தகரப்பெட்டி இருந்தது. தேவபிரசாதம் கூட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வில்லோடு மணலில் நடந்து வந்து, அவர்களுக்கு இருபது கஜம் தள்ளி நின்றான். அம்புகள் ஒருமுறை காற்றைப் பார்த்துத் திரும்பின. பிறகு இறங்கின. தலை உயரத்தில் நிற்கவில்லை. மொட்டை ஆறும் வலது பக்கமும் அலகு ஆறும் இடது பக்கமுமாக, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்களைப்போல வரிசையாகப் போய் அமர்ந்தன. ஆலாக்கள் உட்கார இடமில்லாமல் கொஞ்சநேரம் சுற்றிவிட்டுக் கடலுக்குப் போயின.

"எறங்கிட்டு. தங்கணும்லா?" என்றாள் பிளாரன்ஸ். "எய்யும் பாப்பம்."

அவன் அறுபது கஜத்தில் கிடந்த உடைந்த துடுப்பில் மூன்று மொட்டை அம்புகளை மூச்சு விடுவதற்குள் அடுத்தடுத்துத் தைத்தான். கூட்டைக் குனிந்து பார்க்கவில்லை. நடந்துபோய்ப் பிடுங்கி வந்து வைத்தான், இருந்தன.

"ஓடும்."

ஓடினான். ஒரு சத்தமும் இல்லை.

"படுத்து ஊரும், பன்னிக்குப் போறவுக ஊருவாவல்லா?"

வெள்ளை வேட்டியோடு மணலில் படுத்து ஊர்ந்தான். தலைகீழாகக் குனிந்தான். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஓர் அம்பும் சரியவில்லை. பர்னபாஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றார். தேவபிரசாதம் எழுந்து மணலைத் தட்டிவிட்டு வாரை அவிழ்த்து, மாமியாரின் காலடியில் கூட்டை வைத்தான். கூடு தரைவரை போகவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே, பன்னிரண்டு அம்புகளோடு, நேராக நின்றது.

ஹென்றி பெட்டியைக் கையில் எடுத்தான். பிளாரன்ஸ் அவனை இருக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டுக்கு அடியில் கையை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளைந்தாள். பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தாள். பிள்ளைக்கு முழங்கால் அளவு இருந்தது.

"தலைக்கு மேலன்னுதான் சொன்னேன்," என்றாள் கடைசியில். "இது விழுந்தாலும் கால்லதான விழும். ஏலே ஹென்றி, பெட்டிய மருமவன் கையில குடு."

தோணி பத்து மணிக்குப் பாய் விரித்தது. அந்த வருடம் தேவபிரசாதம் இரண்டு பன்றிகளை அடித்தான். 1948இல் மதுரையில் நடந்த வில் போட்டிக்கும் அதே கூட்டோடு போய் இரண்டாம் பரிசோடு வந்தான். வீட்டில் அதை மாட்ட ஆணி எதுவும் தேவைப்படவில்லை. அறை மூலையில் ஒரு சாண் உயரத்தில் நின்றது. அடியில் பெருக்குவதற்கு வசதியாக இருந்தது.